மிஷின் பிறந்த தேதி

சென்னை
7.5.1988

தங்கை குழல்வாய்மொழிக்கு அண்ணன் குற்றாலநாதன் எழுதியது. நானும் உன் மதினி விஜயமும் மகள் முத்துவடிவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு வாதத்தில் விழுந்துபோன பக்கம் கொஞ்சமாவது அசைகிறதா? மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறாயா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

எங்கள் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். அதை உனக்கென்று கேட்டு வாங்கி லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன். பிரிண்டரும் ஜாதகம் கணிக்கிற ஃபிளாப்பியும் கூட வரும். இங்கே தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு தொங்குகிறது. சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டம் அருவியில் குளித்த பிறகு என்ன செய்யும்? அம்மாவை விட்டு நீ வாசல் தாண்ட வேண்டியதில்லை. ஆட்கள் உன்னைத் தேடி வருவார்கள், உனக்கும் பொழுது போகும்.

இனி எழுதுவதை மனப்பாடம் செய்துகொள். மிஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. டாஸ் என்று லேபிள் ஒட்டிய ஃபிளாப்பித் தட்டை இடது வாயில் போட்டுச் சுவிட்சைப் போட்டால்தான், தான் ஒரு மிஷின் என்பதே அதற்குத் தெரியும். கரண்டு போனால் எல்லாம் மறந்துபோகும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கும்போது திரையில் இங்கிலீஷில் ஏதாவது கேட்கும். எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ இங்கிலீஷில் வாங்கிய மார்க் எனக்குத் தெரியும், ஆகையால் படித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதே. அது என்ன கேட்டாலும் எண்டரைத் தட்டு. பிறகு ஜாதகத் தட்டை வலது வாயில் போட்டு, வருகிறவர்களின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடு. கட்டம், நடப்புத் திசை, அதில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, கல்யாணப் பொருத்தம் எல்லாவற்றையும் அதுவே போட்டுக் கொடுக்கும். உன் மூளையை நடுவில் நுழைக்காமல் இருந்தால் போதும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.
குற்றாலநாதன்


தென்காசி
29.5.1988

அன்புள்ள அண்ணனுக்குக் குழலு வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் மதினியும் முத்துவடிவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா இருந்தபடியே இருக்கிறாள். இடது கை மட்டும் நேற்று போர்வையைப் பிடித்து இழுத்தது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

மிஷின் வந்துவிட்டது. லாரி செட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே வாசலில் நின்றது. கனி பாய் கடையிலிருந்து ஸ்டெபிலைசர் வந்து மாட்டின பிறகுதான் தொட்டேன், நீங்கள் திட்டக் கூடாது என்று.

அண்ணா, நீங்கள் சொன்னபடியே டாஸ் தட்டைப் போட்டேன். உறுமிவிட்டு ஒரு தேதியைக் காட்டிற்று. முதல் மாசம் முதல் தேதி, 1980. அதன் கீழே புதுத் தேதி கொடு என்று கேட்பது மாதிரி இருந்தது. என் இங்கிலீஷ் அவ்வளவுக்காவது வரும். நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து எண்டரைத் தட்டிவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் இருக்கிறது. 1980 போய் எட்டு வருஷம் ஆகிறதே, அது எதற்காகக் கேட்கிறது?

முதல் ஜாதகம் எனக்குத்தான் போட்டுப் பார்த்தேன். திருவோணம், மகரம், எல்லாம் சரி. நடப்பு ராகு திசை, பாக்கி எட்டு வருஷம் என்று வந்தது. வள்ளிநாயகம் ஜோசியர் போன மாசியோடு ராகு முடிந்தது, இனி குரு திசை, கல்யாண யோகம் என்று சொல்லியிருந்தார். எது சரி என்று எழுதுங்கள். எனக்கு முப்பது முடிந்துவிட்டது என்பதை உங்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மதினிக்கு என் அன்பு. முத்துவடிவை அத்தை கேட்டதாகச் சொல்லுங்கள்.
குழலு


சென்னை
11.6.1988

குழலுக்கு, இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கை அசைந்தது பற்றி விஜயத்திடம் சொன்னேன், மகிழ்ச்சி அடைந்தாள்.

கேட்காதே என்று எழுதினால் கேட்கத்தான் செய்வாய். அது மிஷின் பிறந்த தேதி. உனக்கு ஒன்று இருப்பதுபோல் அதற்கும் ஒன்று இருக்கிறது. ஆரம்பிக்கும்போது அதைக் காட்டி, மாற்ற வேண்டுமா என்று கேட்கும். ஜாதகம் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பிறந்த தேதியை யாராவது மாற்றுவார்களா? மாற்றினால் மிஷினின் கணக்கெல்லாம் புரண்டுவிடும். ஆகையால் எண்டர்.

வள்ளிநாயகம் ஜோசியர் பொடி போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணுகிறவர். அவரையும் மிஷினையும் ஒரே தராசில் வைக்கிறாயே, உன்னை என்ன சொல்வது? டாஸ் தட்டின் ஓரத்து வெட்டில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதைப் பிய்த்தால் தட்டில் உள்ளது அழிந்துபோகலாம். பிய்க்காதே.

குற்றாலநாதன்


தென்காசி
20.7.1988

அண்ணனுக்கு வணக்கம். சாரல் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குத்தான் குளிர் ஆகவில்லை, கம்பளியைப் போட்டுப் பொத்தி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் வெயில் எப்படி?

வியாபாரம் ஓகோ என்று இருக்கிறது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தலை துவட்டக்கூட மாட்டார்கள். கீபோர்டில் தண்ணீர் சொட்டாமல் காப்பாற்றுவதே எனக்கு வேலை. சாரல் ஈரத்தில் ஜாதகத் தட்டில் பூஞ்சை பிடித்து மிஷின் படிக்க மாட்டேன் என்றது. தட்டுகளை டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறேன். காலையில் எடுத்தால் சுக்காகக் காய்ந்து நன்றாக ஓடுகின்றன. சிரிக்காதீர்கள்.

ஒரு சங்கடம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மிஷின் ஜாதகம் போட மாட்டேன் என்கிறது. 84இல் பிறந்த பிள்ளை என்று கொடுத்தால், பிறந்த தேதி தவறு என்று போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு பிசகும் இல்லை. ஏன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆலங்குளத்திலிருந்து என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பெயர் பரமசிவன், தாலுகா ஆபீஸில் கிளார்க். தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து முடிக்கத் தாமதமாகிவிட்டதாம். நல்ல மாதிரி என்கிறார்கள். அம்மாவையும் கூடவே கூட்டி வந்துவிடு என்று அவரே சொல்லியனுப்பியிருக்கிறார். நம் தெருவில் யாரும் நம்பவில்லை, நானும் முதலில் நம்பவில்லை. பையனின் அப்பா மட்டும் பொருத்தத்தை மிஷினில்தான் பார்க்க வேண்டும் என்கிறார். ராகு திசை விஷயம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜோசியர் கணித்ததையே காட்டலாமா? அண்ணா, எனக்கு இதில் ரொம்ப ஆசை. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உடனே பதில் போடுங்கள்.
குழலு


சென்னை
24.7.1988

குழலுக்கு, உன் கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். இங்கே நலம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஜாதகம் கணிக்காமல் இருப்பது நம் பக்கத்துப் பழக்கம்தானே. அந்த வயதுக்குள் பெற்றவர்களின் பலன்தான் பிள்ளைக்கு என்று சொல்லி அனுப்பு. கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆலங்குளத்துக்காரர் கேட்டபடி மிஷினிலேயே பார். ஜோசியரின் தாளைக் காட்டினால் நம் மிஷினையே நாம் நம்பவில்லை என்று ஆகும். அப்புறம் உன் போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான். எதையும் மாற்றாதே, யாரையும் கேட்காதே. முதலில் சொன்னபடி எண்டரைத் தட்டு, வருவது வரட்டும்.

அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் சொல்கிற பேச்சு வேறு, பின்னால் நடப்பது வேறு. கடைசியில் அம்மா இங்கே வந்து சேருவாள். விஜயம் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். அது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு எது நல்லதோ அது நடக்கட்டும்.

குற்றாலநாதன்


தென்காசி
5.9.1988

அண்ணனுக்கு வணக்கம். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன்.

ஆலங்குளத்திலிருந்து வந்தார்கள். பரமசிவனும் வந்திருந்தார். சட்டைப்பையில் ரெண்டு பேனா வைத்திருந்தார். மிஷின் ஆரம்பிக்கிறதைக் குனிந்து பார்த்தவர், “இது என்ன, எம்பதுன்னு நிக்கி?” என்று கேட்டார். நான் பெருமையாக, “அது மிஷின் பொறந்த தேதி” என்றேன். “அப்போ நமக்கு ரொம்ப எளசுதான்” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எண்டரைத் தட்டினேன்.

ராகு திசை, பாக்கி எட்டு வருஷம் என்று வந்தது. அவர் அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வள்ளிநாயகம் ஜோசியருக்கு ஆள் விட்டேன், ஓடி வந்தார். தாளைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு ராகு மாசியோட முடிஞ்சிபோச்சிவே! எட்டு வருசம்னு சொல்லுதே, உம்ம மிஷின் என்ன எட்டு வருசம் தூங்கிட்டு இப்பத்தான் எந்திச்சி வருதா?”

“ஓய், மனுசன் கணக்கு தப்பும். மிஷின் கணக்கு தப்புமாவே?” என்றார் பரமசிவனின் அப்பா. “ராகுல போயி கல்யாணம் பண்ணி வச்சி எம் பிள்ளய பறிகொடுக்கவா?”

பரமசிவன் பேனாக்களைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகும்போது திரும்பி ஒரு தடவை பார்த்தார், என்னையா மிஷினையா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அம்மா, “ஏட்டி குழலு, மாப்பிள வீட்டுக்காரவ போயிட்டாவளா?” என்று குழறிக் குழறிக் கேட்டாள். சாயந்திரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. மிஷின் தப்பாகச் சொல்லவே சொல்லாதா? நீங்கள் ஆமாம் என்று எழுதினால் நான் சமாதானம் அடைந்துவிடுவேன்.
குழலு


சென்னை
28.11.1988

குழலுக்கு, வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை. தீபாவளிக்கு விஜயம் அனுப்பிய சேலை கிடைத்திருக்கும்.

மிஷின் தப்பாகச் சொல்லாது. கொடுத்ததற்குத் தக்கபடிதான் சொல்லும். அவரவர்க்கு எழுதியதை மாற்ற முடியுமா? இதையே நினைத்து அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிடாதே. இந்தப் பார்சலில் ஒரு சுத்தம் செய்கிற தட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் மருந்தை இரண்டு சொட்டு விட்டு, இடது வாயில் கொஞ்ச நேரம் ஓட விடு. உன் அரிசித் தூசியெல்லாம் அதில் வந்துவிடும்.

குற்றாலநாதன்


தென்காசி
12.2.1989

அண்ணனுக்கு வணக்கம். ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மா படுத்திருந்த இடத்தைக் கழுவிவிட்டேன், இன்னும் அந்தப் பக்கம் போனால் கால் தானாக மெதுவாகிறது. அவள் போனது ஒரு பக்கம் நிம்மதி என்று ஊரார் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவளுக்கு ஒரு நாள் வாய் துடைத்துவிட்டதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், முத்துவடிவுக்கு ஜாதகம் போட வேண்டும் என்று நீங்களே மிஷினில் உட்கார்ந்தீர்கள். நான் காபி கொண்டுவந்து பின்னால் நின்றேன். அது வழக்கம்போல் தேதி கேட்டது. நீங்கள் எண்டரைத் தட்டவில்லை. உங்கள் விரல் பாட்டுக்கு ஏதோ எண்களைத் தட்டிற்று, அதற்குப் பிறகுதான் எண்டர். யோசிக்காமல் செய்தீர்கள், பல் தேய்ப்பது மாதிரி.

நீங்கள் மிஷினை அணைக்காமலே பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றைக்கே புளியறையிலிருந்து ஒரு குடும்பம் நாலு வயசுப் பையனோடு வந்தது. பழக்கதோஷத்தில் பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டேன். மிஷின் மறுக்கவில்லை, ஜாதகம் வந்துவிட்டது.

என்ன தட்டினீர்கள் அண்ணா?
குழலு


தென்காசி
20.3.1989

அண்ணனுக்கு. நலமாக இருப்பீர்கள்.

பதில் வரவில்லை, ஆகவே நானே போட்டுப் பார்த்துவிட்டேன். அன்றன்றைய தேதியைக் கொடுத்தேன், மிஷின் வாங்கிக்கொண்டது. கணக்கு புரளவில்லை. அது கேட்டது இன்றைய தேதியைத்தான், கொடுக்காவிட்டால் இன்னும் 1980 என்றே எண்ணிக் கணக்குப் போடும். என் ஜாதகத்தைப் போட்டேன். நடப்பு குரு திசை. ராகு போன வருஷம் மாசியோடு முடிந்திருக்கிறது.

வள்ளிநாயகம் ஜோசியரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை, அழுதார். பரமசிவனுக்குத் தை மாசம் சுரண்டைப் பக்கம் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவர்தான் சொன்னார்.

1980 என்று காட்டுகிறதே என்று உங்களுக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன். சின்னப் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று எழுதினேன். எனக்கு ரொம்ப ஆசை என்றும் எழுதினேன். மூன்றையும் படித்துவிட்டுத்தான் எண்டரைத் தட்டச் சொன்னீர்கள். அம்மா உங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. இதற்கும் பதில் எழுத மாட்டீர்கள், தெரியும்.
குழலு


சென்னை
3.6.1989

அன்புத் தங்கை குழல்வாய்மொழிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேலை மிகுதியால் கடிதம் எழுதத் தாமதம், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி. நம் முத்துவடிவுக்குத் தென்காசியிலேயே இடம் கூடி வருகிறது. ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மகன், என்ஜினீயர். பெண்ணுக்குப் பையனையும் பையனுக்குப் பெண்ணையும் பிடித்துவிட்டது. முத்துவடிவு தரையில் கால் பாவாமல் திரிகிறாள். அம்மா தவறி வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு பிடிவாதம், ஜாதகத்தைத் தன் கண் முன்னால் உன் மிஷினில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஊரில் உன் தாளுக்கு அவ்வளவு மதிப்பு. 25ஆம் தேதி வருவார்.

கவனமாகக் கேள். டாஸ் தட்டைப் போட்டதும் தேதி கேட்கும். வெறும் எண்டரைத் தட்டிவிடாதே. மாதத்தை முதலில் போட வேண்டும், பிறகு நாள், பிறகு வருஷம், நடுவில் சின்னக் கோடு. 6-25-89. போட்டபின் ஒரு தடவை சரி பார். மறந்துவிடாதே, தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக்கொள். அவளுக்குச் சுக்கிர திசை நடக்கிறது, அதுதான் வர வேண்டும்.

கல்யாணம் முடிந்ததும் அந்த வீட்டை விற்றுவிட்டு நீ இங்கே எங்களோடு வந்து இருக்கலாம். விஜயத்துக்கு முட்டுவலி. முத்துவடிவும் போய்விட்டால் அவளுக்குக் கைக்கு ஆள் இல்லை. உனக்கும் ஒரு துணை ஆயிற்று.

அன்புடன்
அண்ணன் குற்றாலநாதன்


தென்காசி
26.6.1989

அன்புள்ள அண்ணனுக்குக் குழல்வாய்மொழி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் மதினியும் முத்துவடிவும் நலந்தானே. இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. மிஷினும் நன்றாக ஓடுகிறது.

நேற்று ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்தார். காலையிலிருந்து வந்த எல்லோருக்கும் தேதியைப் போட்டுத்தான் ஜாதகம் கொடுத்திருந்தேன். மாசியிலிருந்து அப்படித்தான் கொடுக்கிறேன், கைக்குழந்தைக்குக்கூட வருகிறது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, “தாயி, ஜோசியன் சொல்லுதது ஒண்ணு, நடக்கது ஒண்ணு. ஒன் மிஷின் சொன்னாச் சொன்னதுதான்” என்றார். அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே போட்டுக் காட்டுகிறேன் என்று மிஷினை அணைத்தேன். டாஸ் தட்டைப் போட்டுத் திரும்பவும் ஆரம்பித்தேன்.

தேதி கேட்டது. என் விரல் ஆறில் போய் நின்றது. முத்துவடிவு பிறந்தபோது முதலில் தூக்கியவள் நான். நீங்கள் மதினியோடு சென்னை போகிற வரைக்கும் என் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. அவள் முகம் கண் முன்னால் வந்தது. அம்மாவின் முகமும் வந்தது, சாயந்திரம் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்களா என்று கேட்ட முகம். விரலை எடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி, அது என்ன கேட்டாலும் என்று, வெறும் எண்டரைத் தட்டினேன்.

கேது திசை, பாக்கி ஆறு வருஷம் என்று வந்தது.

அண்ணாச்சி ரெண்டு தடவை படித்தார். “கேதுவுல போயி பொண்ணெடுக்கவா? நல்ல வேள தாயி, நீ இருந்தே” என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் இதற்குள் பேச்சாகியிருக்கும்.

உங்களிடம் சுக்கிர திசை என்று ஒரு தாள் இருக்கிறது, இதே மிஷினில் நீங்களே போட்டது. வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுங்கள். ஒரே பெண்ணுக்கு ஒரே மிஷினில் ரெண்டு தாள் எப்படி என்று கேட்பார்கள். தேதி தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டிவரும். அப்படியானால் போன வருஷம் ஆலங்குளத்துக்காரருக்குக் கொடுத்த தாள் என்ன என்று கேட்பார்கள். தேதி போட வேண்டாம் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்பார்கள். நீங்கள் விளக்குங்கள், கம்ப்யூட்டர் படித்தவர் நீங்கள்தான்.

முத்துவடிவையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இறங்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

வீட்டை விற்கவில்லை, நானும் அங்கே வரவில்லை. மதினியின் முட்டுவலிக்குக் கைக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இனி கவலைப்படாதீர்கள், முத்துவடிவு அவளோடேயே இருப்பாள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
குழல்வாய்மொழி